மார்க் வாங்கினாள், அதனால் புரிந்தது: ஏமி ரௌலி வழக்கு

காது கேளாத குழந்தையின் படிப்பு பற்றிய வழக்கு என்றதும் மனது தானாக ஒரு காட்சியைப் போட்டுக்கொள்ளும். சேர்க்க மறுக்கும் பள்ளிக்கூடம், முகம் கொடுக்காத தலைமையாசிரியர், வாசலில் நிற்கும் பெற்றோர். ஏமி ரௌலி வழக்கு அப்படிப்பட்டதல்ல. நியூயார்க் மாநிலம், வெஸ்ட்செஸ்டர் கவுண்டி, பீக்ஸ்கில் பகுதியில் உள்ள ஃபர்னஸ் வுட்ஸ் பள்ளி அந்தச் சிறுமியை நன்றாகவே வரவேற்றது. அவள் மழலையர் வகுப்புக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே பெற்றோரும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசினார்கள். நிர்வாகத்தில் சிலர் சைகை மொழி வகுப்புக்குப் போனார்கள். ஏமியின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேளாது. அவர்களோடு பேச வேண்டுமே என்று தலைமையாசிரியர் அறையில், தட்டச்சு செய்து தொலைபேசி வழியே பேச உதவும் டெலிடைப் கருவி ஒன்றை வைத்தார்கள். 1970களின் ஒரு அரசுப் பள்ளி இவ்வளவு செய்தது.

அப்புறமும் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் கேட்டது ஒரே ஒரு ஆளைத்தான். பாடம் நடக்கும்போது வகுப்பில் நின்று, பேசப்படுவதை எல்லாம் சைகையில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். பள்ளி வேண்டாம் என்றது. அவள்தான் நன்றாகப் படிக்கிறாளே என்றது.

இந்த "நன்றாகப் படிக்கிறாளே" என்ற ஒற்றை வாக்கியம் நாற்பது ஆண்டுகளாக என்ன வேலை செய்திருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வு.

"தகுந்த" என்றால் எவ்வளவு?

வழக்கின் அடியில் கிடப்பது 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கல்விச் சட்டம். பிற்பாடு 1990-இல் பெயர் மாறி, இன்று ஐடியா என்ற சுருக்கப் பெயரில் வழங்குவது இதுதான். அப்போது நாடாளுமன்றத்தின் முன் இருந்த கணக்கு பயங்கரமானது. நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், அவர்களில் பாதிக்கு மேல் ஏற்ற கல்வி கிடைக்காதவர்கள், 10 லட்சம் பேர் அரசுப் பள்ளிக்குள் கால் வைக்கவே முடியாதவர்கள். 1972-இல் பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் நடந்த இரண்டு வழக்குகள் பள்ளிக் கதவை முதலில் அசைத்தன. சட்டம் அதைத் திறந்து வைத்தது. மாநிலங்கள் மத்திய அரசின் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்கு ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் "இலவசமான, தகுந்த அரசுக் கல்வி" தர வேண்டும்.

இலவசம் என்றால் என்ன என்று யாரும் சண்டை போடவில்லை. "தகுந்த" என்பதுதான் வம்பு. எவ்வளவு தந்தால் தகுந்தது என்று சட்டம் அளவு சொல்லவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும், எழுதும்போது பெற்றோரும் உடன் இருக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் முறையீடு செய்யலாம் என்று வழிமுறையை மட்டும் விரிவாகச் சொன்னது. அந்தத் தனித் திட்டத்தை எல்லோரும் ஐ.இ.பி. என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

வகுப்பறையில் நடந்தது

ஏமிக்குக் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சம் இருந்தது. உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரி. மழலையர் வகுப்பில் அவளுக்கு ஒரு எஃப்.எம். செவித்துணைக் கருவி கொடுத்தார்கள். அந்த ஆண்டை நன்றாகவே முடித்தாள். முதல் வகுப்பில் எழுதப்பட்ட ஐ.இ.பி. சொன்னது இது. வழக்கமான வகுப்பிலேயே படிப்பாள், எஃப்.எம். கருவி தொடரும், காது கேளாதோருக்கான ஆசிரியர் தினமும் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுப்பார், பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வருவார்.

காகிதத்தில் பார்த்தால் தாராளமான திட்டம்தான். ஆனால் இந்த உதவிகளில் எதுவும், வகுப்பு நடந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவளுக்கு விடுபட்டுப் போவதைப் பிடித்துத் தராது. தனி ஆசிரியர் பிற்பாடு வந்து விட்டதை நிரப்பலாம், ஆனால் எது விட்டது என்று அவளுக்கே தெரியாதே.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கண்ணாடி போதும். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், "படி" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "மடி" என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும். க, ங போன்ற ஒலிகள் வாய்க்குள் ஆழத்தில் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியாது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். உதட்டைப் படிப்பவர் கண்ணால் பார்ப்பது பாதி, மீதியை இடம் பொருள் பார்த்து ஊகிக்கிறார். தெரிந்த சொற்களில் ஊகம் பலிக்கும். புதுச் சொல்லில் பலிக்காது. பள்ளிக்கூடம் என்பதே புதுச் சொற்கள் வந்து விழும் இடம். போதாக்குறைக்கு ஆசிரியர் கரும்பலகை பக்கம் திரும்புவார், பின் பெஞ்சுப் பையன் பதில் சொல்வான், யாரோ கேலி பேச எல்லோரும் சிரிப்பார்கள்.

எஃப்.எம். கருவி அருமையான கருவிதான். ஆசிரியரின் குரலைப் பிடித்து, இரைச்சலைத் தாண்டிக் குழந்தையின் காதுக்கே கொண்டுபோகும். ஆனால் யார் மைக்கில் பேசுகிறாரோ அவர் குரலைத்தான் கொண்டுபோகும். மற்ற முப்பது பேர் பேசுவது அதற்கு வெளியே.

மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி சோதித்துப் பார்க்காமல் இல்லை. மழலையர் வகுப்பில் இரண்டு வாரம் ஒருவரை வைத்துப் பார்த்தது. அவரே, இப்போதைக்கு என் உதவி இவளுக்குத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். பள்ளியின் கையில் இருந்த பலமான சீட்டு இதுதான். எனக்கு இது பலமாகத் தெரியவில்லை. மழலையர் வகுப்பு என்பது பெரும்பாலும் விளையாட்டும் படமும். ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று கையசைப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்றே ஐந்து வயதுக் குழந்தை பழக வேண்டும். இரண்டு வாரம் அதற்கே போதாது. "இப்போதைக்கு" என்று அவர் போட்ட சொல்லும் மேலே போகப் போகக் காணாமல் போய்விட்டது.

பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், குழு பெற்றோர் தரப்பு நிபுணர் சாட்சியத்தைக் கேட்டது, ஏமியின் ஆசிரியரைக் கேட்டது, காது கேளாதோர் வகுப்பு ஒன்றையும் போய்ப் பார்த்தது. தேவையில்லை என்றது. பெற்றோர் முறையிட்டார்கள். தனி விசாரணையாளரும் அதையே சொன்னார். படிப்பிலும் பழக்கவழக்கத்திலும் அவள் நன்றாக முன்னேறுகிறாளே என்பதுதான் அவர் காட்டிய காரணம். மாநிலக் கல்வி ஆணையர் அதை உறுதி செய்தார். பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இரண்டு உண்மைகள், ஒரே குழந்தை

மாவட்ட நீதிபதி வின்சென்ட் பிராடரிக் 1980-இல் தீர்ப்புச் சொன்னார். அவர் கண்டறிந்த விவரங்களை அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. ஏமி சக மாணவர்களோடு நன்றாகப் பழகுகிறாள், ஆசிரியர்களோடு அவளுக்கு அபாரமான ஒட்டுதல் இருக்கிறது, வகுப்பின் சராசரிப் பிள்ளையைவிட நன்றாகப் படிக்கிறாள், சிரமமில்லாமல் அடுத்தடுத்த வகுப்புக்குப் போகிறாள். இது ஒன்று. காது கேட்டிருந்தால் வகுப்பில் நடப்பது அவளுக்கு எவ்வளவு புரியுமோ, அதைவிட வெகு குறைவாகவே இப்போது புரிகிறது. இது இன்னொன்று.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இரண்டில் எதை வைத்து அளப்பது என்பதுதான் வழக்கு. பிராடரிக் இரண்டாவதை எடுத்தார். மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் முழுத் திறனை எட்ட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறதோ, அதற்கு ஈடான வாய்ப்பு இவளுக்கும் இருக்க வேண்டும், அதுதான் "தகுந்த" கல்வி என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும், ஒருமித்து அல்ல என்றாலும், அதை ஏற்றது.

பள்ளி மாவட்டம் உச்ச நீதிமன்றம் போனது. 1982 மார்ச் 23 அன்று வாதம். ரௌலி குடும்பத்துக்காக எழுந்து நின்றவர் மைக்கேல் சாட்டாஃப். அவருக்கும் காது கேளாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் காது கேளாத வழக்கறிஞர் அவர்தான். நீதிபதிகள் கேட்ட கேள்விகள் அவர் முன்னால் இருந்த திரையில் உடனுக்குடன் எழுத்தாக ஓடின. ஒரு வழக்கறிஞருக்கு ஒரு கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போனாலும் ஆபத்து என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அவர் கெட்டிக்காரர், உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 28 அன்று தீர்ப்பு. ஆறுக்கு மூன்று, பள்ளிக்குச் சாதகம்.

அடிக்குறிப்பு 25

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் வில்லியம் ரென்குவிஸ்ட். அவர் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. நாடாளுமன்றம் பணம் கொடுத்து நிபந்தனை போடுகிறது, நிபந்தனை இன்னதென்று மாநிலங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், "ஒவ்வொரு குழந்தையின் திறனையும் உச்சத்துக்குக் கொண்டுபோ" என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வெளியே நின்ற 10 லட்சம் பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவதுதான் அப்போதைய கவலை. ஆகவே சட்டம் உறுதி தருவது ஒரு அடித்தளத்தை, அவ்வளவுதான். கூரை எவ்வளவு உயரம் என்று அது பேசவில்லை. கோர்ட் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். சட்டம் சொன்ன வழிமுறைகளைப் பள்ளி பின்பற்றியதா? அப்படி எழுதிய ஐ.இ.பி., குழந்தைக்குக் கல்விப் பயன் கிடைக்கும் வகையில் நியாயமாக அமைந்திருக்கிறதா? கல்வி முறைகளில் எது சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் நிபுணத்துவம் நீதிபதிகளுக்குக் கிடையாது.

சட்டத்தைப் படித்த விதம் என்ற வகையில் இது நிற்கக்கூடியதே. சறுக்கியது அடுத்த படியில். வழக்கமான வகுப்பில் படிக்கும் குழந்தை என்றால், பயன் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது? தேர்ச்சி மதிப்பெண், அடுத்த வகுப்புக்கு உயர்வு, இவற்றை வைத்துத்தான் என்றது தீர்ப்பு. இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று ரென்குவிஸ்டுக்கே ஒரு நெருடல் இருந்திருக்க வேண்டும். 25-ஆம் அடிக்குறிப்பில், அடுத்தடுத்த வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் தானாகவே தகுந்த கல்வி கிடைத்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை என்று எழுதினார். கூடவே, ஏமி விஷயத்தில் அவளது படிப்பு முன்னேற்றமும் பள்ளி தந்த சேவைகளும் சேர்ந்து முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன என்றும் எழுதினார். எச்சரிக்கை அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. மேலே இருந்த வாக்கியம் நாடு முழுக்கப் போனது.

எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் பார்த்த நமக்கு, அடுத்த வகுப்புக்குப் போனான் என்பது எவ்வளவு குறைவான தகவல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிபதி ஹாரி பிளாக்மன் முடிவில் பெரும்பான்மையோடு சேர்ந்தார், ஆனால் அளவுகோலில் சேரவில்லை. வகுப்பில் புரிந்துகொள்ளவும் பங்கெடுக்கவும் மற்றப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமான வாய்ப்பு அவளுக்கு இருந்ததா என்பதே கேள்வி என்றார். கேள்வி சரி. மொழிபெயர்ப்பாளர் இல்லை என்ற ஒன்றையே பார்க்காமல் மொத்தத் திட்டத்தையும் பார்த்தால் அந்த வாய்ப்பு இருந்தது என்பது அவர் முடிவு.

மாறுபட்ட தீர்ப்பு பைரன் வைட்டுடையது. பிரென்னனும் தர்குட் மார்ஷலும் அதில் சேர்ந்தார்கள். வகுப்பில் பேசப்படுவதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏமிக்குப் புரிகிறது, பாஸ் மார்க் வாங்கினாலும் இதைச் சம வாய்ப்பு என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். பெரும்பான்மையின் அளவுகோலைப் பார்த்தால், உரக்கப் பேசும் ஆசிரியர் ஒருவரைக் கொடுத்தாலே போதுமே, அதிலும் அவளுக்குக் கொஞ்சம் பயன் உண்டே என்றார். குத்தலான வரி. ஆனால் பயன் என்ற சொல்லுக்கு அளவு இல்லாவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

வைட் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இதே அளவு காது கேளாத, ஆனால் சுமாராகப் படிக்கும் ஒரு குழந்தையை அதே வகுப்பில் உட்கார வைத்தால் அவன் ஃபெயிலாகியிருப்பான். ஃபெயிலானால் பயன் கிடைக்கவில்லை என்று ஆகும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வழி பிறக்கும். ஏமியின் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு எதிரான சாட்சி ஆனது. விட்டுப்போன பாதியை ஊகித்து நிரப்ப அவள் பட்ட பாட்டை, அந்தப் பாதி தேவையில்லை என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு

சட்டம் மெதுவாக நகர்ந்தது. 1997 திருத்தத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பிரிவு வந்தது. ஐ.இ.பி. எழுதும் குழு அந்தக் குழந்தையின் மொழித் தேவையைப் பார்க்க வேண்டும், அதன் சொந்த மொழியிலேயே சக பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் நேரடியாகப் பேசும் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2004-இல் மொழிபெயர்ப்புச் சேவை சட்டத்தின் சேவைப் பட்டியலிலேயே பெயரோடு ஏறியது. இன்று ஏமி முதல் வகுப்பில் இருந்திருந்தால், மொழிபெயர்ப்பாளரை அவ்வளவு எளிதாக மறுத்திருக்க முடியாது.

அளவுகோல் மட்டும் நகர அடம்பிடித்தது. கீழ் நீதிமன்றங்கள் சில, "கல்விப் பயன்" என்பதைத் தேய்த்துத் தேய்த்து, சொல்லிக்கொள்ளும்படி ஏதோ கொஞ்சம் இருந்தால் போதும் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருந்தன. அப்படி எழுதியவர்களில் ஒருவர், மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த நீல் கோர்சச். 2017 மார்ச் 22 அன்று, கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள சிறுவன் எண்ட்ரூவின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த அளவை ஒருமனதாக நிராகரித்தது. குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். அன்றைக்கு கோர்சச், அதே உச்ச நீதிமன்றத்துக்கான நியமன விசாரணையில் செனட் முன் உட்கார்ந்திருந்தார்.

பெரிய வெற்றிதான். ஆனால் காது கேளாதவர்கள் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வழக்கமான வகுப்பில் முழுமையாகச் சேர்ந்து படிக்கும் பிள்ளைக்கு, தேர்ச்சி மதிப்பெண்ணும் வகுப்பு உயர்வும்தான் பொதுவான அளவு என்பதை ராபர்ட்ஸ் அப்படியே வைத்திருக்கிறார். அதாவது எண்ட்ரூ போன்ற பிள்ளைக்கு அளவு உயர்ந்தது. ஏமி போன்ற பிள்ளைக்கு 1982-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வேறு வழி வேறு சட்டத்திலிருந்து வந்தது. 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பள்ளிக்கென்று எழுதப்பட்டதல்ல, அரசின் எந்தச் சேவைக்கும் பொருந்துவது. மற்றவர்களோடு பேசுவது எவ்வளவு பலனளிக்கிறதோ, அதே அளவு மாற்றுத்திறனாளியோடு பேசுவதும் பலனளிக்க வேண்டும் என்பது அதன் விதி. இதில் மார்க் என்ற பேச்சே கிடையாது. 2013-இல் கலிபோர்னியாவின் டஸ்டின் பள்ளி மாவட்ட வழக்கில் இது உடைந்து திறந்தது. செவித்திறன் குறைந்த ஒரு மாணவி, வகுப்பில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் திரையில் தட்டச்சு செய்து காட்டும் சேவை கேட்டாள். பள்ளி மறுத்தது. அவளும் நன்றாகப் படித்த பெண்தான். ஆனால் ஆசிரியரையும் சக மாணவர்களையும் பின்தொடர அவ்வளவு கவனத்தைக் குவிக்க வேண்டியிருந்ததால், தினமும் மாலையில் துவண்டு போவதாகச் சொன்னாள். ஐ.இ.பி. சட்டப்படி சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் அந்த இரண்டாவது சட்டத்தின் கடமை தீர்ந்துவிடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மார்க் பட்டியலில் தெரியாத சோர்வுக்கு, எனக்குத் தெரிந்து, சட்டத்தில் இடம் கிடைத்தது இங்கேதான்.

பிறகு மிகேல் பெரெஸ். மிச்சிகனின் ஸ்டர்ஜிஸ் அரசுப் பள்ளிகளில் 9 வயது முதல் 20 வயது வரை படித்த காது கேளாத மாணவர். பள்ளி அவருக்கு உதவியாளர்களைக் கொடுத்தது. குடும்பத்தின் குற்றச்சாட்டு இது. அந்த உதவியாளர்களில் சிலர் தகுதியில்லாதவர்கள், ஒருவர் சைகை மொழியைத் தானே கற்றுக்கொள்ள முயன்றவர், சிலர் மணிக்கணக்கில் வகுப்பிலேயே இருந்ததில்லை. ஆனால் மார்க் மட்டும் நல்ல மார்க். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பு. எல்லாம் சரியாகப் போகிறது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடியச் சில மாதங்கள் இருக்கும்போது, டிப்ளமோ, அதாவது பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ், தர முடியாது என்று பள்ளி சொன்னது.

ரௌலி தீர்ப்பு புரிதலுக்குப் பதிலாக எந்த இரண்டை அளவாக வைத்ததோ, அந்த இரண்டையும் ஸ்டர்ஜிஸ் தாராளமாகக் கொடுத்திருந்தது. மார்க் போடுவதும் வகுப்பு உயர்த்துவதும் பள்ளியின் கையில். பள்ளி ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததா என்பதற்கு அதுவே சாட்சி. பிரதிவாதியே சாட்சிக் கூண்டிலும் ஏறி நிற்பது போலத்தான் இது.

பெரெஸ் குடும்பம் கல்விச் சட்டத்தின் கீழ் போட்ட புகார் சமரசத்தில் முடிந்தது. மிச்சிகன் காது கேளாதோர் பள்ளியில் படிக்க ஏற்பாடு கிடைத்தது. போன ஆண்டுகளுக்கு நஷ்ட ஈடு கேட்டு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் தனியாக வழக்குப் போட்டார்கள். கல்விச் சட்டத்தின் முறையீட்டு வழிகளை முழுவதும் முடித்துவிட்டு வா என்று கீழ் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின. 2023 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தவறு என்றது. கல்விச் சட்டம் தர முடியாத நஷ்ட ஈட்டைக் கேட்பவர் அதன் வழியையே சுற்றி வர வேண்டியதில்லை. எழுதியவர் அதே கோர்சச். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இப்படிப்பட்ட நஷ்ட ஈடு உண்டா என்ற கேள்விக்கு மட்டும் அன்று பதில் சொல்லவில்லை.

ஏமிக்கு வருவோம். தீர்ப்புக்குப் பிறகு குடும்பம் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டது. காது கேளாத மாணவர்களுக்கான வசதிகள் இருந்த பள்ளியில் அவர் படித்தார். பின்னாளில் அமெரிக்க சைகை மொழிப் பேராசிரியராகி, தன் வழக்கைப் பற்றித் தானே எழுதவும் செய்தார். அவர் பேராசிரியர் ஆனதைச் சொல்லி, பார்த்தீர்களா, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நன்றாக வந்துவிட்டார் என்று பேசுவோர் உண்டு.